ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே: ஒன்ராறியோவின் சட்டபூர்வக் கஞ்சாக் கடைகள் பற்றி ஒரு மதிப்பீடு

ரொறன்ரோவையும் மார்க்கத்தையும் பிரிப்பது ஸ்டீல்ஸ் வீதி. அதற்குத் தெற்கே, ரொறன்ரோவின் ஒரு பகுதியான ஸ்காபரோவின் கடைத்தொகுதிகளில், தோசைக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே அனுமதி பெற்ற கஞ்சாக் கடையொன்று இருப்பது இப்போது எவரையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை. வீதியைக் கடந்து வடக்கே போனால் அப்படியொரு கடையைக் காண முடியாது. தங்கள் எல்லைக்குள் இந்தக் கடைகள் வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்ய மாகாண அரசு நகரசபைகளுக்கு 2019 ஜனவரி 22 வரை அவகாசம் கொடுத்தபோது, ரொறன்ரோ வேண்டும் என்றது, மார்க்கம் வேண்டாம் என்றது. மிசிசாகாவும் அப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு 2023இல் மனம் மாறியது. இவ்வளவு எம்மவர்கள் வாழும் இரண்டு நகரங்களில் ஒரே பொருளுக்கு இரண்டு நிலைப்பாடுகள் இருப்பதால், இதைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதிவைப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

நான் மதிப்பிடுவது ஸ்காபரோவில் உள்ள சில அனுமதி பெற்ற கடைகளையும் ஓசிஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாகாண அரசின் இணைய விற்பனையையும். கஞ்சா நல்லதா கெட்டதா என்ற வழக்கை இங்கே விசாரிக்கப் போவதில்லை. பத்தொன்பது வயது நிரம்பிய ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டு வாங்க நினைத்தால் இந்தச் சேவை அவரை எப்படி நடத்துகிறது என்பதே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கல்லாவில் பணம் கட்டும் வரை இது ஒழுங்கான, நம்பத்தக்க சேவை. ஆனால் வாங்குபவரைச் சட்டச் சிக்கலில் மாட்டக்கூடிய விடயங்களில் பெரும்பாலானவை கடைக் கதவுக்கு வெளியே நடப்பவை, அவற்றைப் பற்றி இந்தச் சேவை போதுமான அளவு வாய் திறப்பதில்லை.

சட்டம் மூன்று அடுக்குகளாக இருக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் கனடா முழுவதற்கும் பொதுவானது. யார் உற்பத்தி செய்யலாம், பொதியின் மேல் என்ன அச்சிட வேண்டும், ஒருவர் வெளியில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பவற்றை அது தீர்மானிக்கிறது. வயதெல்லை, விற்பனை முறை, எங்கே புகைக்கலாம் என்பவை மாகாணத்தின் கையில் இருக்கின்றன. கூட்டாட்சிச் சட்டத்தின் குறைந்தபட்ச வயது 18. அல்பேர்ட்டா அதையே வைத்துக்கொண்டது, ஒன்ராறியோ 19 ஆக்கியது, கியூபெக் 2020 ஜனவரியிலிருந்து 21 ஆக உயர்த்தியது. மூன்றாவது அடுக்கு நகரசபை. கடை இருக்கலாமா என்பதோடு, பொது இடத்தில் புகைக்கலாமா என்பதிலும் அதற்குச் சொந்த விதிகள் இருக்கக்கூடும்.

ஒன்ராறியோவில் மொத்த விற்பனை முழுவதும் ஓசிஎஸ் வழியாகத்தான் நடக்கிறது. உற்பத்தி நிறுவனங்கள் அதற்கு விற்கின்றன. தனியார் கடைகள் அதனிடம் வாங்கி எமக்கு விற்கின்றன. கடைகளுக்கு அனுமதி கொடுப்பதும் அவற்றைக் கண்காணிப்பதும் ஏஜிசிஓ எனப்படும் மது மற்றும் சூதாட்ட ஆணையம். தொடக்கத்தில் கடைகளே இருக்கவில்லை, இணையம் மட்டும்தான். 2019இல் சீட்டுக் குலுக்கி 25 பேருக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்த ஏப்ரல் முதலாம் திகதி ரொறன்ரோ முழுவதற்கும் குயீன் வீதியில் ஒரேயொரு கடைதான் திறந்தது. 2020இல் குலுக்கல் முறையைக் கைவிட்ட பின்னர் கடைகள் மழைக்கால ஈசல்போலப் பெருகி, மாகாணத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. எல்லாக் கடைக்கும் சரக்கு வருவது ஒரே கிட்டங்கியிலிருந்து என்பதால், ‘அந்தக் கடையில் சாமான் திறம்’ என்று சிலர் சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. வித்தியாசப்படுவது விலையும், எதை வாங்கி அடுக்குகிறார்கள் என்பதும், நிற்கும் ஊழியரின் அறிவும் பொறுமையும்தான்.

வாசலில் கவனிக்க வேண்டியது மாகாணத்தின் அங்கீகார முத்திரை. அனுமதி பெற்ற எந்தக் கடையும் அதை வெளியில் தெரியும்படி ஒட்டியிருக்கும். உள்ளே பத்தொன்பது வயதுக்குக் குறைந்தவர்கள் எவரும் கால் வைக்க முடியாது. தாயோடு வந்த கைக்குழந்தைக்கும் அதே விதிதான் என்பதால், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கும். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த தோற்றமுடையவர்களிடம் அடையாள அட்டை கேட்பது ஊழியரின் கடமை. பல கடைகளில் வழுக்கைத் தலைக்காரரிடமும் கேட்கிறார்கள், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். சாரதி அனுமதிப்பத்திரம் அல்லது கடவுச்சீட்டு போதும். இங்கே வதிபவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் உறவினரும் வயது வந்தவராக இருந்து கடவுச்சீட்டைக் காட்டினால் வாங்கலாம். அவர் திரும்பிப் போகும்போது என்ன செய்யக்கூடாது என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

உள்ளே போனால், முதல் தடவை போகிறவருக்கு ஏற்படும் உணர்வு ஏமாற்றம்தான். கைத்தொலைபேசிக் கடைபோல ஒரு வெளிச்சமான அறை, சுவரில் தொடுதிரைகள், கண்ணாடிப் பெட்டிகள். மணம் பார்ப்பதற்கென்று சிறு துளைகள் போட்ட மூடியுள்ள குப்பிகளைச் சில கடைகள் வைத்திருக்கின்றன. குப்பியைத் திறந்து தொட முடியாது. கஞ்சாவும் அதற்கான உபகரணங்களும் அதோடு நேரடியாகத் தொடர்புடைய பொருட்களும் தவிர வேறெதையும் விற்க அனுமதி இல்லாததால், பாலும் பாணும் லொத்தர் சீட்டும் விற்கும் மூலைக்கடையின் கலகலப்பு இங்கே இருக்காது.

ஊழியர்கள் எல்லோரும் மாகாணம் ஏற்றுக்கொண்ட கன்செல் என்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி எவ்வளவு ஆழமானது என்று எனக்கு ஐயம் இருந்தாலும், அதன் பலனை நேரில் கண்ட ஓர் இடம் உண்டு. எனக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவர், கல்லாவில் நின்ற தமிழ்ப் பொடியனிடம் தன் மனைவியின் முழங்கால் நோவுக்கு எது நல்லது என்று கேட்டார். “ஐயா, நோவுக்கு இது நல்லது எண்டு நான் சொல்லி விக்கேலாது. அம்மா வேற குளிசை எடுக்கிறாவோ தெரியாது. டொக்டரிட்ட ஒருக்காக் கேட்டுட்டு வாங்கோ, மருந்தா எடுக்கிறதெண்டா அதுக்கு வேற வழி இருக்கு” என்று அவன் சொன்னான். பெரியவர் முகம் சுருங்கியது, வெறுங்கையோடு போனார். ஆனால் பொடியன் சொன்னதுதான் சட்டம். இந்தக் கடைகள் பொழுதுபோக்குப் பாவனைக்கு உரியவை. மருத்துவக் கஞ்சா 2001 முதல் தனி ஏற்பாடாக இருந்துவருகிறது, மருத்துவரின் ஆவணத்தோடு கூட்டாட்சி அனுமதி பெற்ற விற்பனையாளரிடமிருந்து நேரடியாக வீட்டுக்குத் தருவிப்பது அதன் வழி. ஒரு விற்பனையை இழந்தாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொல்லும் ஊழியர் இருக்கும் கடைக்கே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

எல்லாக் கடையிலும் அப்படி இல்லை. வேறொரு கடையில் நான் மென்மையானதாக ஏதாவது காட்டச் சொன்னபோது, ஊழியை என் கேள்வியை முழுமையாகக் கேட்காமலேயே போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி.யின் விகிதம் மிக உயர்ந்த கஞ்சாப் பூவை எடுத்து வைத்து, இந்த விலைக்கு இவ்வளவு வீரியம் வேறெங்கும் கிடைக்காது என்றார். இந்தத் துறையின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். மதுக்கடையில் வீரியத்தைப் பார்த்துப் போத்தலைத் தெரிவுசெய்பவரை நாம் ஒரு மாதிரியாகப் பார்ப்போம். இங்கே அது வழக்கமான வியாபாரப் பேச்சாகிவிட்டது. சில ஆய்வகங்கள் அந்த எண்ணைக் கூட்டிக் காட்டுகின்றன என்ற குற்றச்சாட்டும் துறைக்குள்ளேயே நெடுநாளாக இருக்கிறது. கனடாவின் சுகாதாரத் திணைக்களமோ புதியவர்கள் புகைப்பதாக இருந்தால் நூற்றுக்குப் பத்து அல்லது அதற்குக் குறைந்த டி.எச்.சி. உள்ளதைத் தெரிவுசெய்யும்படி சொல்கிறது. அப்படியொரு பொருளைக் கடைத் தட்டில் தேடிப் பிடிப்பது சிரமம், கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பொதியைப் படிக்கத் தெரிந்தால் ஊழியரை அதிகம் நம்பியிருக்கத் தேவையில்லை. நான் வாங்கிய மூன்றரைக் கிராம் டப்பா ஒன்று என் மேசையில் இருக்கிறது. ஒரே நிறம், ஒரு சிறிய நிறுவனச் சின்னம், சிவப்பு எண்கோணத்துக்குள் கஞ்சா இலையும் டி.எச்.சி. என்ற எழுத்துகளும் கொண்ட அடையாளம், மஞ்சள் பெட்டிக்குள் சுகாதார எச்சரிக்கை, மூடியின் மேல் ஒட்டிய ஒன்ராறியோ வரி முத்திரை. அதன் கீழே டி.எச்.சி. கிராமுக்கு 8 மில்லிகிராம் என்றும், மொத்த டி.எச்.சி. கிராமுக்கு 210 மில்லிகிராம் என்றும் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. முதல் எண்ணைப் பார்த்து இது மிக மென்மையானது என்று நினைத்துவிடக் கூடாது. பச்சையாக இருக்கும் பூவில் டி.எச்.சி.யின் பெரும்பகுதி அமில வடிவில் இருக்கிறது. சூடாக்கும்போதுதான் அது போதை தரும் வடிவத்துக்கு மாறுகிறது. ஆகவே புகைப்பவருக்குப் பொருந்துவது இரண்டாவது எண். 210 மில்லிகிராம் என்றால் நூற்றுக்கு இருபத்தொன்று, அதாவது வீரியமான சரக்கு. பொதியிட்ட திகதியும் அங்கேயே இருக்கும். ஓராண்டு பழையதாக இருந்தால் பூ காய்ந்து பொடியாகியிருக்க வாய்ப்புண்டு என்பதால் பணம் கட்டும் முன் அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஓர் ஓரக் குறிப்பு: மூன்றரைக் கிராம் பூவுக்கு ஊறுகாய்ப் போத்தல் அளவு பிளாஸ்டிக் தேவையா என்று இதை வடிவமைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

உணவு வடிவிலான பொருட்கள், அதாவது கம்மி எனப்படும் மெல்லும் இனிப்பு, சொக்கலேற், பானம் போன்றவை, 2019 ஒக்டோபரில் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. ஒரு பொதியில் மொத்தமாக 10 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மேல் இருக்க முடியாது. பழக்கப்பட்டவர்கள் இந்த எல்லையைத் திட்டித் தீர்ப்பார்கள். நான் அதன் பக்கம்தான். புகைத்தால் சில நிமிடங்களில் தெரிவது, விழுங்கினால் அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை எடுத்துத்தான் தெரியத் தொடங்கும். நான்கு மணி நேரம் வரை ஏறிக்கொண்டே போகலாம், பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கலாம். ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று இன்னொன்றை வாயில் போடுவதுதான் வழமையாக அவசர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் விடும் செயல். முதல் தடவைக்கு 2.5 மில்லிகிராம் போதும் என்பதே சுகாதாரத் திணைக்களத்தின் ஆலோசனை. 5 மில்லிகிராம் கம்மி என்றால் அதில் பாதி. பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். பொதியைப் பிள்ளைகளால் திறக்க முடியாதபடி செய்திருந்தாலும், பெரியவர் ஒருவர் திறந்து மேசையில் விட்டுப்போனால் கம்மியும் இனிப்பும் ஒன்றுதான். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் வரலாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கடைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

விலையைப் பொறுத்தவரை, சட்டபூர்வக் கடை கொள்ளையடிக்கிறது என்ற பழைய பேச்சு இப்போது பொருந்தாது. 28 கிராம் பொதிகள் நூறு டொலருக்குக் குறைவாகவே கிடைக்கின்றன. உற்பத்தியாளர் கட்டும் தீர்வை கிராமுக்குக் குறைந்தது ஒரு டொலர் என்பதையும், அதற்கு மேல் நாம் கட்டும் 13 வீத விற்பனை வரியையும் கணக்கில் எடுத்தால் இது ஆச்சரியமான விலைதான். கடைகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டதால் ஒன்றோடொன்று மோதி இலாபத்தைக் குறைத்துக்கொள்கின்றன. வாங்குபவருக்கு அது கொண்டாட்டம், கடைக்காரருக்குத் திண்டாட்டம்.

ஆனாலும் முத்திரை இல்லாத கடைகள் நகரத்தில் இன்னும் இயங்குகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவாளர் தேவையில்லை. பொதியில் வரி முத்திரை இல்லாவிட்டால், ஒரே பொதியில் 500 மில்லிகிராம் என்று பெருமையாக எழுதியிருந்தால், பிரபலமான இனிப்பு வகையொன்றின் உறையை அப்படியே பார்த்துச் செய்திருந்தால், வயதை எவரும் கேட்காவிட்டால், அது சட்டத்துக்கு வெளியே நிற்கும் கடை. இரவு பதினொரு மணிக்குப் பிறகும் திறந்திருப்பது இன்னோர் அடையாளம், ஏனென்றால் அனுமதி பெற்றவை காலை ஒன்பதிலிருந்து இரவு பதினொன்று வரைதான் விற்கலாம். அங்கே வாங்குவதில் உள்ள முதல் ஆபத்து பொலிஸ் அல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது என்பது. சட்டபூர்வப் பொருள் பூச்சிகொல்லி, பூஞ்சணம், பார உலோகம் ஆகியவற்றுக்குச் சோதிக்கப்பட்டே வருகிறது.

கடைக்குப் போக விருப்பமில்லாதவர்களுக்கு, குறிப்பாக ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே இருப்பவர்களுக்கு, ஓசிஎஸ் இணையக் கடையே வழி. நகரசபை விலகியிருந்தாலும் இணையத்தில் வாங்கி வீட்டுக்குத் தருவிப்பதை அது தடுக்காது. விபரங்கள் எழுதப்பட்டிருக்கும் விதத்தில் பல தனியார் கடைகளைவிட இது தெளிவாக இருக்கிறது: டி.எச்.சி. அளவு, போதை தராத சி.பி.டி.யின் அளவு, எந்த மாகாணத்தில் விளைந்தது, எந்த வகை என்று வடிகட்டித் தேடலாம். பொதியை வாசலில் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். பத்தொன்பது வயது நிரம்பிய ஒருவர் அடையாள அட்டையைக் காட்டிப் பெற வேண்டும். பகலில் வீட்டில் மாமியார் மட்டும் இருந்தால் அவர்தான் கையெழுத்திட வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். தனியுரிமை பற்றிக் கவலைப்படுபவர்கள் ஒன்றை அறிந்திருக்கலாம்: 2018 நவம்பரில் கனடா தபால் சேவையின் கண்காணிப்புப் பக்கத்தின் ஊடாக ஓசிஎஸ் வாடிக்கையாளர் சுமார் 4,500 பேரின் விநியோக விபரங்களை ஒருவர் பார்த்துவிட்டார். கடையில் காசைக் கொடுத்து வாங்கினால் பெயர் எங்கும் பதியப்படாது. தனியார் கடைகளும் 2022 மார்ச் முதல் நிரந்தரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கலாம். உணவு தருவிக்கும் செயலியில் கட்டளையிட்டாலும், கொண்டுவருபவர் அந்தக் கடையின் பயிற்சி பெற்ற ஊழியராகத்தான் இருக்க வேண்டும்.

இனி, கடையில் சொல்லப்படாதவை. ஒரு தடவையில் 30 கிராம் உலர்ந்த பூவுக்குச் சமமான அளவுதான் விற்பார்கள், பொது இடத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடியதும் அவ்வளவே. இங்கே ‘சமமான அளவு’ என்பது கவனிக்க வேண்டியது. ஒரு கிராம் பூவுக்கு 15 கிராம் உணவுப் பொருளும் கால் கிராம் செறிவூட்டிய கஞ்சாச் சாறும் ஒரு விதையும் சமமாகக் கணக்கிடப்படும். வீட்டுக்குள் வைத்திருப்பதற்குச் சட்டம் எல்லை வைக்கவில்லை. வீடொன்றில் நான்கு செடிகள் வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. ஆனால் கொண்டோவிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்கள் கட்டட விதிகளையும் ஒப்பந்தத்தையும் பார்க்காமல் தொட்டி வாங்கக்கூடாது.

கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் பயணத்துக்கே ஒரு விதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வாகனத்தில் கஞ்சா இருந்தால் அது திறக்கப்படாத மூலப் பொதியில் இருக்க வேண்டும், அல்லது மூடிக் கட்டிய பைக்குள், அல்லது உள்ளே இருப்பவர்களின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் ஆசைக்கு மூடியைத் திறந்து மணம் பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் வைத்தால் அதுவே குற்றம். நல்ல கடைகள் பையைப் பிசின் ஒட்டி மூடிக் கொடுக்கின்றன. ஏன் ஒட்டுகிறோம் என்று ஒரு வசனம் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அதைவிடப் பாரதூரமானது வாகனம் ஓட்டுவது. இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 2 நனோகிராம் டி.எச்.சி. இருந்தாலே குற்றம், 5 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் தடவைக்கே குறைந்தது ஆயிரம் டொலர் தண்டம். மதுவோடு சேர்ந்தால் எல்லை இன்னும் இறங்கி, 2.5 நனோகிராமும் 100 மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் மதுவும் அதே தண்டனைக்குப் போதும். இத்தனை மணி நேரம் பொறுத்தால் அந்த எல்லைக்குக் கீழே வந்துவிடும் என்று சொல்லும் நம்பகமான அட்டவணை எதுவும் கிடையாது. ஒன்ராறியோவில் 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களும், ஜீ1, ஜீ2 எனப்படும் புதிய சாரதிகளுக்கான அனுமதிப்பத்திரக்காரரும், பார ஊர்தி, பேருந்து போன்ற வணிக வாகனம் ஓட்டுபவர்களும் துளியும் இல்லாமல் இருக்க வேண்டும். எம்மவர்களில் லொறியும் பள்ளிப் பேருந்தும் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு வரி கடைச் சுவரில் தமிழிலும் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

குடியுரிமை எடுக்காத நிரந்தர வதிவாளர்களுக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 2018 டிசம்பர் 18 முதல் போதையில் வாகனம் ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தைக் குடிவரவுச் சட்டம் பாரிய குற்றம் என்று வகைப்படுத்துகிறது. நீதிமன்றம் உண்மையில் விதித்தது வெறும் தண்டப்பணமாக இருந்தாலும் வதிவிட உரிமைக்கே ஆபத்து வரலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குக் கஞ்சா கொடுப்பதற்கு அதிகபட்சம் பதினான்கு ஆண்டுகள். பதினேழு வயது மருமகனுக்குக் கல்யாண வீட்டில் ஒன்றை நீட்டுவது விளையாட்டல்ல.

எங்கே புகைக்கலாம் என்பதற்கு, ஒன்ராறியோவில் சிகரெட் புகைக்கக்கூடிய இடங்களில் கஞ்சாவும் புகைக்கலாம் என்பது பொதுவிதி: பாடசாலை வளவிலிருந்தும் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலிலிருந்தும் 20 மீற்றர், உணவக வெளி இருக்கைகளிலிருந்து 9 மீற்றர் தள்ளி. வாகனத்துக்குள் கூடாது. ஆனால் மார்க்கம் நகரசபை 2018 ஒக்டோபரிலேயே பொது இடங்களில் கஞ்சா புகைப்பதைத் தடைசெய்து துணைவிதி இயற்றியது. ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே குற்றமில்லாதது வடக்கே மார்க்கத்துக்குள் குற்றம். ஒட்டாவாவிலிருந்து ஆற்றைக் கடந்து கற்றினோவுக்குப் போனால் கியூபெக் சட்டம்: வயது 21, பொது இடத்தில் புகைக்கத் தடை, வீட்டில் செடி வளர்க்கத் தடை. அந்தக் கடைசித் தடை செல்லும் என்று 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது.

நாட்டு எல்லையில் விட்டுக்கொடுப்பே இல்லை. உள்நாட்டு விமானத்தில் 30 கிராம் வரை கொண்டு போகலாம். கனடாவை விட்டு வெளியே கொண்டு போவதும் உள்ளே கொண்டு வருவதும் குற்றம். பஃபலோவுக்குப் பொருள் வாங்கப் போகும்போது கைப்பையில் மறந்துபோன ஒரு கம்மிக்கும் இது பொருந்தும். நியூயோர்க் மாநிலத்தில் சட்டபூர்வமானது என்பது எல்லையில் செல்லாது, அங்கே நிற்பவர்கள் அமெரிக்கக் கூட்டாட்சி அதிகாரிகள். விடுமுறைக்கு வந்த உறவினர் கொழும்புக்கோ சென்னைக்கோ திரும்பும்போது பெட்டிக்குள் ‘கனடாச் சொக்கலேற்’ என்று இதைப் போட்டுக்கொண்டு போனால், இலங்கையின் அபாயகர மருந்துகள் சட்டமும் இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் ஒன்ராறியோவின் வரி முத்திரையைப் பார்த்து மனமிரங்கப் போவதில்லை.

இவ்வளவையும் கடை ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒப்புவிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் வாகனம், வதிவிட உரிமை, எல்லை ஆகிய மூன்றையும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரத்தில், ஸ்காபரோ போன்ற இடங்களில் தமிழிலும் சேர்த்து, பையோடு போட்டுக் கொடுப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. ஓசிஎஸ் பக்கமும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் இருக்கிறது. தமிழ் பேசும் ஊழியர்கள் நிற்கும் கடைகள் இந்தக் குறையைத் தங்கள் வாயால் ஓரளவு நிரப்புகின்றன. ஆகவே முதல் தடவை போகிறவருக்கு இணையத்தைவிட அப்படியொரு கடையையே, அதுவும் கூட்டம் இல்லாத வார நாள் மதியத்தில், பரிந்துரைப்பேன். என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்ட பின்னர் இணையம் வசதியானது.

திறந்த பொதியைக் கடைகள் பொதுவாகத் திருப்பி எடுப்பதில்லை. எனினும் பூவில் பூஞ்சணம் கண்டாலோ லேபிளில் பிழை இருந்தாலோ உற்பத்தி நிறுவனத்திடம் முறையிடலாம், சுகாதாரத் திணைக்களத்துக்கும் அறிவிக்கலாம். திணைக்களம் ஒரு பொருளை மீளப்பெறும்படி அறிவிக்கும்போது பொதியில் அச்சிட்ட தொகுதி இலக்கத்தைக் குறிப்பிட்டுத்தான் அறிவிக்கிறது. எனவே உள்ளே இருப்பது முடியும் வரை டப்பாவை எறியாமல் வைத்திருங்கள். வேறு போத்தலுக்கு மாற்றினால் அந்த இலக்கமும், பிள்ளைகளுக்குத் திறக்கத் தெரியாத மூடியும், வாகனத்தில் பிடிபட்டால் காட்டக்கூடிய வரி முத்திரையும் ஒன்றாகப் போய்விடும்.